66 வயதில் டாப் 10: ஹெவி மெட்டல் பாடகர் டியோவின் கடைசி ஆல்பம் எப்படி உருவானது?

2009 ஏப்ரல் கடைசி வாரம். 'தி டெவில் யு நோ' என்ற ஹெவி மெட்டல் ஆல்பம் வெளியாகிறது. பாடியவருக்கு வயது 66. அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் அந்த ஆல்பம் நேராக 8-வது இடத்தில் போய் உட்கார்ந்தது.

இதில் என்ன ஆச்சரியம்? பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு இதே பாடகர் சின்னச் சின்ன கிளப் மேடைகளில் பாடிக்கொண்டிருந்தார். பெரிய இசை நிறுவனங்கள் அவரைக் கைவிட்டிருந்தன. அவர் காலம் முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

அவர் பெயர் ரோனி ஜேம்ஸ் டியோ. ராக் கச்சேரிகளில் ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டிக் கொம்பு மாதிரி காட்டுகிறார்களே, அதை உலகம் முழுக்கப் பரப்பியவர் இவர்தான். 2010 மே 16 அன்று தனது 67-வது வயதில் இறந்தார். வயதான மெட்டல் பாடகர்களின் கடைசி ஆல்பங்கள் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் முதலில் வரும் பெயர் இன்றைக்கும் இவருடையதுதான். ஏன்?

பாட்டு கற்காத பாடகர்

இயற்பெயர் ரொனால்ட் ஜேம்ஸ் படவோனா. 1942 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் போர்ட்ஸ்மவுத் நகரில் பிறந்தார். இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பம். வளர்ந்தது நியூயார்க் மாநிலத்தில் உள்ள கார்ட்லாண்ட் என்ற சிறிய ஊரில்.

ஐந்து வயதிலேயே அப்பா கையில் டிரம்பெட்டைக் கொடுத்துவிட்டார். மற்ற பிள்ளைகள் தெருவில் விளையாடும்போது, இந்தப் பையன் வீட்டுக்குள் உட்கார்ந்து தினமும் ஊதிப் பழக வேண்டும். தப்பிக்கவே முடியாது. பின்னாளில் பிரெஞ்ச் ஹார்னும் வாசித்தார்.

டியோ யாரிடமும் முறையாகப் பாட்டு கற்றதில்லை. ஆனால் டிரம்பெட் ஊதுவதற்கு அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, அதை அளந்து அளந்து வெளியே விட வேண்டும். அந்தப் பழக்கம்தான் தன் குரலுக்கு அடித்தளம் என்று கடைசிவரை சொல்லி வந்தார். தொண்டையை இறுக்கிக் கத்தினால் சில வருடங்களில் குரல் போய்விடும். மூச்சின் பலத்தில் பாடினால் நீண்ட காலம் தாங்கும். சின்ன வயதில் வேண்டாவெறுப்பாகச் செய்த பயிற்சி, 60 வயதுக்கு மேல் அவருக்குக் கைகொடுத்தது.

18 வருடக் காத்திருப்பு

1957-ல், பள்ளியில் படிக்கும்போதே, நண்பர்களோடு ஒரு குழு ஆரம்பித்தார். முதலில் பேஸ் கிடார் வாசித்தார், பிறகு பாட ஆரம்பித்தார். குழுவின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. ஜானி டியோ என்ற நிழல் உலகப் புள்ளியின் பெயரிலிருந்து தனக்கும் டியோ என்ற பெயரை எடுத்துக்கொண்டார். இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் கடவுள் என்று பொருள்.

1968 பிப்ரவரியில் அவருடைய குழு சென்ற வாகனம் விபத்துக்குள்ளானது. கிடார் கலைஞர் நிக் பாண்டாஸ் இறந்துபோனார். டியோவுக்கும் காயம். குழு அதோடு கலைந்துவிடவில்லை. எல்ஃப் என்று பெயரைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் மேடை ஏறியது.

1972-ல் டீப் பர்ப்பிள் குழுவின் ரோஜர் குளோவரும் இயான் பெய்ஸும் எல்ஃபின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தார்கள். அதில் மட்டும் டியோ தன் நிஜப் பெயரைப் போட்டுக்கொண்டார். குடும்பப் பெயரை ஒருமுறையாவது ஆல்ப அட்டையில் பெற்றோர் பார்க்க வேண்டும் என்ற ஆசை.

டீப் பர்ப்பிள் கச்சேரிகளுக்கு முன்னால் எல்ஃப் பாடியது. அதைக் கவனித்துக்கொண்டே இருந்தவர் கிடார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர். 1975-ல் டீப் பர்ப்பிளை விட்டு வெளியேறி ரெயின்போ என்ற புதுக் குழுவைத் தொடங்கியபோது டியோவைப் பாடகராக அழைத்துக்கொண்டார். உலகம் டியோவைக் கேட்க ஆரம்பித்தது அப்போதுதான். அவருக்கு வயது 33. முதல் குழு ஆரம்பித்து 18 வருடங்கள் ஓடியிருந்தன.

1976-ல் வந்த 'ரைசிங்' ஆல்பத்தில் 'ஸ்டார்கேஸர்' என்ற எட்டு நிமிடத்துக்கும் மேற்பட்ட பாட்டு உண்டு. ஒரு மந்திரவாதிக்காகக் கோபுரம் கட்டும் அடிமைகளின் கதை. பின்னணியில் மியூனிக் பில்ஹார்மோனிக் இசைக்குழு. அத்தனை வாத்தியங்களுக்கும் மேலே டியோவின் குரல் தனியாக நின்றது.

ஆனால் பிளாக்மோருக்கு வானொலியில் ஓடுகிற மாதிரி சின்ன பாட்டுகள் வேண்டும். டியோவுக்கு மந்திரவாதியும் அரக்கனும் ராஜாவும் உள்ள கதைகள் வேண்டும். இருவரும் பிரிந்தார்கள்.

ஓஸியின் இடத்தில் இன்னொருவரா?

1979-ல் பிளாக் சப்பாத் குழு தன் பாடகர் ஓஸி ஆஸ்போர்னை வெளியேற்றியது. ஹெவி மெட்டல் என்ற இசை வகைக்கே அஸ்திவாரம் போட்ட குழு அது. அதன் முகம் ஓஸி. அந்த இடத்துக்கு வந்தவர் டியோ.

ஓஸி மாதிரி பாட அவர் முயலவே இல்லை. ஓஸியின் பாணி கிடார் போகும் வழியிலேயே ஒட்டிப் போவது. டியோ கிடாருக்கு மேலே தனியாக ஒரு மெட்டை நெய்தார். 1980-ல் வந்த 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. தேய்ந்துகொண்டிருந்த குழுவுக்கு இரண்டாவது உயிர் கிடைத்தது.

மேடையில் ஒரு சிக்கல் இருந்தது. ஓஸி எப்போதும் இரண்டு விரல்களை விரித்து அமைதிச் சின்னம் காட்டுவார். கூட்டம் அதை எதிர்பார்த்தது. அதையே செய்தால் நகல் எடுத்த மாதிரி ஆகிவிடும். டியோவுக்குத் தன் பாட்டி ஞாபகம் வந்தது. தெருவில் யாராவது ஒரு மாதிரி முறைத்துப் பார்த்தால், கண் திருஷ்டி படாமல் இருக்க இத்தாலியப் பாட்டி இரண்டு விரல்களை நீட்டிக் கொம்பு காட்டுவார். பேரன் அதையே மேடையில் காட்டினார். கூட்டமும் திருப்பிக் காட்டியது.

தானே இதைக் கண்டுபிடித்ததாக டியோ ஒருபோதும் உரிமை கொண்டாடவில்லை. திருஷ்டிக்காகச் செய்த ஒன்று சாத்தான் வழிபாட்டின் அடையாளமாகப் பார்க்கப்பட்டதும் தனிக் கதை.

சொந்தப் பெயரில் உச்சம்

1982-ல் நேரடிக் கச்சேரி ஆல்பமான 'லைவ் ஈவில்' மிக்ஸிங்கின்போது மோதல் வெடித்தது. யாருடைய ஒலியை யார் கூட்டினார்கள் என்பதுதான் தகராறு. டியோ வெளியேறினார். டிரம்மர் வின்னி அப்பீஸும் கூடவே கிளம்பினார்.

அடுத்த வருடமே டியோ என்ற பெயரில் சொந்தக் குழு. 1983-ல் 'ஹோலி டைவர்', 1984-ல் 'தி லாஸ்ட் இன் லைன்'. மனைவியும் மேலாளருமான வெண்டி டியோ நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டார். பெரிய அரங்குகள், லேசர் விளக்குகள், மேடையில் ராட்சத டிராகன் பொம்மை என்று 80-களின் நடுப்பகுதி அமோகமாகப் போனது. ஆப்பிரிக்கப் பஞ்ச நிவாரணத்துக்காக ஹியர் 'என் எய்ட் என்ற பெயரில் மெட்டல் கலைஞர்களைத் திரட்டி 1985-ல் ஒரு பாட்டைப் பதிவு செய்ததிலும் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

எல்லாம் சுமுகமாக இல்லை. பணப் பங்கீட்டுக் கசப்பில் கிடார் கலைஞர் விவியன் கேம்பல் 1986-ல் குழுவிலிருந்து விலக நேர்ந்தது. அந்த மனக்கசப்பு கடைசிவரை தீரவில்லை. டியோ ரசிகர்களிடம் எவ்வளவு அன்பாக இருந்தாரோ, வேலை விஷயத்தில் அவ்வளவு பிடிவாதக்காரர்.

கூட்டம் கரைந்த 90-கள்

1991-க்குப் பிறகு அமெரிக்க ராக் இசையின் ருசி மாறியது. சியாட்டிலிலிருந்து கிரஞ்ச் அலை வந்தது. கிழிந்த சட்டை, நேரடியான சோகம். டிராகனும் வாளும் கேலிப்பொருள் ஆயின.

1992-ல் டியோ மறுபடியும் பிளாக் சப்பாத்தில் சேர்ந்து 'டிஹ்யூமனைஸர்' ஆல்பம் செய்தார். அதே வருட நவம்பரில், கலிஃபோர்னியாவில் ஓஸியின் விடைபெறும் கச்சேரி என்று அறிவிக்கப்பட்ட நிகழ்ச்சியில் ஓஸிக்கு முன்னால் சப்பாத் பாட வேண்டும் என்ற பேச்சு வந்தது. டியோ மறுத்துவிட்டுக் கிளம்பினார். அந்த இரண்டு இரவுகளும் அவர் இடத்தில் பாடியவர் ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் ராப் ஹால்ஃபோர்டு.

சுயமரியாதைக்கு விலை இருந்தது. 1993-ல் 'ஸ்ட்ரேஞ்ச் ஹைவேஸ்', 1996-ல் 'ஆங்க்ரி மெஷின்ஸ்'. இரண்டும் பெரிதாக விற்கவில்லை. அரங்குகள் சுருங்கின. டிராகன் பொம்மை ஏற முடியாத மேடைகள்.

50 வயதைத் தாண்டிய ஒரு பாடகருக்கு இந்த இடத்தில் இரண்டு சுலபமான வழிகள் உண்டு. ஒன்று, ஓய்வு. இன்னொன்று, பழைய ஹிட் பாட்டுகளை மட்டும் பாடிக் காலத்தை ஓட்டுவது. டியோ இரண்டையும் எடுக்கவில்லை. சிறிய நிறுவனங்கள் மூலம் புது ஆல்பங்களைக் கொண்டுவந்துகொண்டே இருந்தார். 2000-ல் ஒரே கதையைச் சொல்லும் 'மாஜிகா', 2002-ல் 'கில்லிங் தி டிராகன்', 2004-ல் 'மாஸ்டர் ஆஃப் தி மூன்'.

இந்த ஆல்பங்களைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் இவை இல்லாமல் 2009 இல்லை. வருடா வருடம் பயணம், ஒத்திகை, புதுப் பாட்டு என்று போனதால் குரல் துருப்பிடிக்கவே இல்லை. பெரிய மேடை மறுபடியும் கூப்பிட்டபோது அவர் தயாராக இருந்தார்.

பழைய குழு, புதுப் பெயர்

அந்த அழைப்பு 2006-ல் வந்தது. பிளாக் சப்பாத்தில் டியோ பாடிய பாட்டுகளைத் தொகுத்து வெளியிடத் திட்டம். கூடவே மூன்று புதுப் பாட்டுகள் தேவை. கிடார் கலைஞர் டோனி அயோமியும் டியோவும் மறுபடியும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். பேஸ் கிடாருக்கு கீசர் பட்லர், டிரம்ஸுக்கு வின்னி அப்பீஸ்.

பிளாக் சப்பாத் என்று பெயர் வைத்தால் ஓஸியின் பாட்டுகளைக் கேட்டுக் கூட்டம் கூச்சல் போடும். எனவே ஹெவன் அண்ட் ஹெல் என்றே குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். டியோ காலத்துப் பாட்டுகள் மட்டும்தான். 2007 மார்ச்சில் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் நடந்த கச்சேரி ஆல்பமாகவும் வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பழைய பாட்டுகளே கூட்டத்தைக் கூட்டின. ஆனால் நால்வரும் வேல்ஸில் உள்ள ராக்ஃபீல்டு ஸ்டுடியோவுக்குப் போய் பத்துப் புதுப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அதுதான் 'தி டெவில் யு நோ'.

66 வயதில் குரல் எப்படி நின்றது?

வயதாகும்போது குரல்நாண்களின் நெகிழ்வுத்தன்மை குறைகிறது. நுரையீரலின் கொள்ளளவும் குறைகிறது. உச்ச ஸ்தாயி முதலில் போகும். நீளமாக இழுத்துப் பிடிப்பது அடுத்துப் போகும். கிடார் கலைஞர் கம்பியை மாற்றலாம். பாடகருக்கு மாற்ற எதுவும் இல்லை, உடம்புதான் வாத்தியம்.

இதை மறைக்க ஸ்டுடியோவில் வழிகள் பல. சுருதியை மென்பொருளால் திருத்தலாம், பின்னணிக் குரல்களை நிரப்பலாம். 'தி டெவில் யு நோ' வேறு வழியில் போனது. இருக்கிற குரலுக்கு ஏற்றபடி பாட்டைக் கட்டினார்கள்.

பெரும்பாலான பாட்டுகள் மெதுவானவை. அயோமியின் கிடார் கனமாக, நிதானமாக நகர்கிறது. டியோ 1980-ன் உச்சங்களைத் துரத்தவில்லை. நடு ஸ்தாயியில் ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு வைக்கிறார். குரலில் ஒரு சொரசொரப்பு ஏறியிருக்கிறது. அதை மறைக்காமல் கதாபாத்திரத்துக்குப் பயன்படுத்துகிறார்.

'பைபிள் பிளாக்' பாட்டு நல்ல உதாரணம். ஒரு தீய புத்தகத்தைக் கையில் எடுத்தவன் அதிலிருந்து மீள முடியாமல் போகும் கதை. மென்மையான கிடாரோடு, கிட்டத்தட்டக் கதை சொல்கிற தொனியில் ஆரம்பிக்கிறது. கனமான இசை வந்து விழும்போது குரல் நிமிர்கிறது. 30 வயதுப் பாடகர் இதைப் பாடியிருந்தால் பயமுறுத்தும் கதையாக மட்டும் இருந்திருக்கும். 66 வயதுக் குரலில் அது எச்சரிக்கையாகக் கேட்கிறது.

மற்றவர்களின் வழிகள் வேறு

கடைசிக் கால ஆல்பங்கள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. மோட்டார்ஹெட் குழுவின் லெம்மி 2015-ல் 69 வயதில் 'பேட் மேஜிக்' ஆல்பத்தை வெளியிட்டார். உடல் தளர்ந்த பிறகும் தன் வேகத்தைக் குறைக்கச் சம்மதிக்காத ஆல்பம் அது. நான்கு மாதங்களில் இறந்தார்.

ராப் ஹால்ஃபோர்டு 2018-ல், டியோவைப் போலவே 66 வயதில், 'ஃபயர்பவர்' ஆல்பத்தில் ஜூடாஸ் பிரீஸ்டின் பழைய வேகத்துக்கே திரும்பினார். பார்கின்சன் நோயோடு போராடிய ஓஸி, 2022-ல் 73 வயதில், பல விருந்தினர் கலைஞர்களின் துணையோடு 'பேஷன்ட் நம்பர் 9' கொண்டுவந்து கிராமி வாங்கினார். 2025 ஜூலையில் மறைந்தார்.

லெம்மி மாற மறுத்தார். ஹால்ஃபோர்டு பழைய பலத்தை மீட்டார். ஓஸி துணையைத் தேடினார். டியோ அளவை மாற்றினார்.

அஜீரணம் என்று நினைத்தது

2009 கோடையில் ஹெவன் அண்ட் ஹெல் ஊர் ஊராகச் சுற்றியது. ஆகஸ்ட் 29 அன்று அட்லாண்டிக் சிட்டியில் பாடியதுதான் டியோவின் கடைசிக் கச்சேரி. அது கடைசி என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தன் சொந்தக் குழுவோடு ஐரோப்பியப் பயணமும், 'மாஜிகா' கதையின் அடுத்த பாகங்களும் திட்டத்தில் இருந்தன.

நவம்பர் 25 அன்று வெண்டி அறிவித்தார்: டியோவுக்கு இரைப்பைப் புற்றுநோய். ஐரோப்பியப் பயணம் ரத்தானது.

வயிற்றுத் தொந்தரவு திடீரென்று வந்ததல்ல. அதை வெறும் அஜீரணம் என்று நினைத்து, அதற்கான மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாட்களைக் கடத்தினார் என்று வெண்டி பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு கச்சேரியைக்கூட விடக்கூடாது என்ற அதே பிடிவாதம்தான் அவர் குரலைக் காப்பாற்றியது. மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வைத்ததும் அதுதான்.

இரைப்பைப் புற்றுநோயின் ஆரம்ப அறிகுறிகள் சாதாரண அஜீரணம் மாதிரியே இருக்கலாம். வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்த உணர்வு, நெஞ்செரிச்சல். பெரும்பாலானவர்களுக்கு அது வெறும் அஜீரணமாகவே இருக்கும். ஆனால் வாரக்கணக்கில் தொடர்ந்தால் பரிசோதித்துக்கொள்வது நல்லது. டியோ பெயரில் வெண்டி தொடங்கிய ஸ்டாண்ட் அப் அண்ட் ஷவுட் புற்றுநோய் நிதி, நோயை முன்கூட்டியே கண்டறியும் ஆராய்ச்சிக்கு உதவி வருகிறது.

இன்றைக்கு எங்கே இருக்கிறார்?

இறந்த பிறகு டியோ மறக்கப்படவில்லை. நினைவு ஆல்பத்துக்காக அவருடைய 'தி லாஸ்ட் இன் லைன்' பாட்டை மறுபடியும் பாடிய டெனேஷியஸ் டி குழு, 2015-ல் சிறந்த மெட்டல் நிகழ்த்துதலுக்கான கிராமி விருதை வாங்கியது. அவர் எழுதி முடிக்காமல் விட்ட சுயசரிதை 2021-ல் வெளியானது. 2022-ல் ஆவணப்படம் வந்தது. 2017-ல் கிஸ் குழுவின் ஜீன் சிம்மன்ஸ் ஒரு கை முத்திரைக்கு வணிக உரிமை கேட்டு விண்ணப்பித்தபோது, அது எல்லோருக்கும் பொதுவானது என்று வெண்டியே எதிர்ப்புத் தெரிவித்தார். விண்ணப்பம் வாபஸ் ஆனது. திருஷ்டிக்குப் பயந்த பாட்டியின் விரல்கள் பொதுச்சொத்தாகவே இருக்கின்றன.

ஆனால் டியோவின் கதையில் முக்கியமான காட்சி அவர் உயிரோடு இருந்தபோதே நடந்துவிட்டது. 2010 ஏப்ரல், லாஸ் ஏஞ்சலீஸ். ரிவால்வர் இசை இதழின் விருது விழா. சிகிச்சையில் மெலிந்துபோயிருந்த டியோ வெண்டியோடு வந்திருந்தார். பொது மேடையில் அவரைப் பார்த்தது அதுதான் கடைசி. அடுத்த மாதம் இறந்தார்.

நோயாளியாக இருக்கும் மூத்த கலைஞருக்கு வழக்கமாகத் தருவது வாழ்நாள் சாதனையாளர் விருது. அன்று டியோ வாங்கியது அதுவல்ல. 'தி டெவில் யு நோ' ஆல்பத்தில் பாடியதற்காக, தன்னைவிடப் பல வயது இளைய பாடகர்களோடு போட்டியிட்டு வாங்கிய, அந்த ஆண்டின் சிறந்த பாடகர் விருது.